பாதி எழுந்த கூரை

செந்தூல் மண்டப வாசலில்
மூன்று ஐம்பதுக்குக் கூரை நின்றுவிட்டது.
எழவும் இல்லை, படுக்கவும் இல்லை.
கொட்டாவிக்கு வாய் திறந்தவன்
அப்படியே உறைந்துபோன மாதிரி.

சிவப்பு வண்டி. ஜெர்மன்காரன் செய்தது.
கூட்டுப் பணம் எடுத்து வாங்கினேன்,
இன்னும் பதினோரு மாதம் கட்ட வேண்டும்.
கல்யாணத்துக்கு மட்டும்தான் வாடகைக்கு விடுகிறேன்.
பின் சீட்டில் பொண்ணு, மாப்பிள்ளை,
மேலே கறுத்துக்கொண்டு வரும் வானம்.
இந்த ஊர் மழை தூறிப் பார்த்து வருவதில்லை.
நாலு மணி என்றால் நாலு மணி.

பொத்தானை அழுத்தினேன்.
டிக்.
மறுபடியும்.
டிக்.
பம்ப் முனகவே இல்லை.

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன்,
உள்ளே கம்பி முழுசாக இருந்தது.
ரிலே போயிருக்கும் என்று
ஹார்ன் ரிலேயைக் கழற்றி அதன் இடத்தில் செருகினேன்.
டிக்.
எண்ணெய் கசிந்ததா என்று
மண்டியிட்டுத் தரையைத் தடவினேன்,
வெள்ளை வேட்டியோடு ஒரு சித்தப்பாவும் மண்டியிட்டார்,
அவருக்கு எதுவும் தெரியாது, ஆனாலும் தடவினார்.

"நாலு பேர் சேந்து இழுத்து மூடிடலாம்லா!"
கையை வைக்காதீங்க என்று கத்திவிட்டேன்.
சட்டம் ஒரு விரற்கடை வளைந்தால்
மூன்று முகூர்த்தத்து வாடகை போச்சு.

அப்போதுதான் கதவு திறந்தது.
யோகநந்தினி இறங்கினாள்,
கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு,
மாலையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு.
"லிஃப்ட் கம்பெனியில எட்டு வருசம், அண்ணே.
டிக்னு கேக்குதுன்னா பம்புக்குக் கேடு இல்ல.
எங்கயோ ஒரு சுவிட்ச் 'இன்னும் மூடல'ன்னு சொல்லுது.
கதவு மூடினதா நம்பாம
எந்த லிஃப்டும் நகராது.
பூட்ல என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை என்றான் மாப்பிள்ளை.
கொஞ்சம் வேகமாகவே சொன்னான்.

சாவி போட்டுத் திறந்தோம்.
கூரை மடங்கிக் கிடக்கும்போது
அதன் அடியில் அமுக்கித் திணித்திருக்கிறார்கள்
ஆறு அட்டைப்பெட்டி.
கூரை எழ எழ, பாரம் விட்டு, பெட்டிகளும் எழுந்து
தடுப்புத் திரையை முட்டிக்
கொக்கியிலிருந்து கழற்றிவிட்டன.
கொக்கிக்கு அடியில் அரிசி அளவு சுவிட்ச்.
அது கண்டுபிடித்துவிட்டது.

பெட்டிகளைத் திறக்கத் தேவையே இல்லை.
அசைத்தால் கண்ணாடிச் சத்தம்.
ஹேமச்சந்திரன் தன் தோழர்களைப் பார்த்தான்.
தோழர்கள் மேம்பாலத்தைப் பார்த்தார்கள்.
யோகநந்தினி யாரையும் பார்க்கவில்லை.
குனிந்து, மருதாணி காய்ந்த விரலால்
அந்தச் சுவிட்சை அழுத்திப் பிடித்து
"இப்ப அழுத்துங்க" என்றாள்.

பம்ப் முனகியது.
அந்த முனகலுக்கு நான் தேங்காய் உடைத்திருப்பேன்.
எலும்பு எலும்பாகச் சட்டங்கள் நிமிர்ந்தன,
துணி விறைத்தது,
கண்ணாடி விளிம்பில் போய்க் கொக்கி விழுந்தபோது
முதல் சொட்டு என் மூக்கில்.

பெட்டிகள் மண்டப வாசலிலேயே நனைந்தன.
யார் எடுத்துப் போவது என்று யாரும் கேட்கவில்லை.
மாலையைத் திருப்பிக் கொடுத்தேன்,
இரண்டு சம்பங்கி என் சட்டையிலேயே தங்கிவிட்டது.

ஜாலான் ஈப்போவில் நெரிசல்.
துணிக்கூரை மேல் மழை அவல் இடித்தது.
இடது மூலையில் பழைய ஒழுக்கு ஒன்று உண்டு,
அது சரியாக மாப்பிள்ளை தோளில் சொட்டியது.
அவன் நகரவில்லை.
நகர இடம் இருந்தது.

பின்னால் ஊர்வலம் விடாமல் ஹார்ன் அடித்தது.
"நீங்களும் அடிங்கண்ணே, கல்யாண வண்டிதானே" என்றாள்.
நடுவில் அழுத்தினேன்.
சத்தமே இல்லை.
ரிலே இன்னும் கூரையிடம்தான் இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன்.
அவளுக்குப் புரிந்துவிட்டது,
முதல் தடவையாகச் சிரித்தாள்.
அவனுக்குப் புரியவில்லை,
ஆனாலும் மெதுவாகக் கேட்டான்,
"ரிலேன்னா என்ன?"