வாடகை நாற்காலிகள்

முதல் கூட்டத்தில் உட்கார ஒன்றுமில்லை.
கரும்பு எடைமேடைக்குப் பின்னால்
மழை விட்டும் தூவானம் விடாத ஒரு ஞாயிறு.
வெட்டுக்கத்திகளைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு
நின்றார்கள் நூற்றுச்சொச்சம் பேர்.
கொடி வேண்டுமென்றதும்
ஐசில்மா தன் உள்பாவாடையைக் கிழித்தாள்.
கட்சி மஞ்சளானது அப்படித்தான்.
சூரியன், விடியல் என்பதெல்லாம்
பிற்பாடு அச்சடித்தது.

சுதந்திர இரவுக்கு நாற்பது நாற்காலி கேட்டார்கள்.
மாதாகோவிலில் இரவல் வாங்கி
என் அப்பா ஆர்மண்ட் லைபர்ட் கழுதை வண்டியில் கொண்டுபோனார்.
பழைய கொடி பாதிக் கம்பத்தில் சிக்கிக்கொள்ள
ஒரு நாற்காலிமேல் ஏறி இழுத்தவரும் அவரே.
அதிலிருந்து தொழில் இதுதான்.

அடுத்த தேர்தலுக்கு எண்பது.
அதற்கடுத்து நூற்றிருபது, கைப்பிடி வைத்தவை ஆறு.
பிறகு மெத்தை கேட்டார்கள்.
பாக்கிச் சீட்டுகளை
பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தோம்.

புயல் கூரைகளைக் கொண்டுபோன வருஷம்
கப்பலில் தகரம் வந்து இறங்கியது.
மஞ்சள் கதவுள்ள வீடுகளுக்கு முதலில் என்று
யாரும் சொல்லவில்லை.
அந்த வாரம் தீவில் மஞ்சள் பெயின்ட் தீர்ந்துபோனது.
மலையேறிப் பார்த்தால்
பள்ளத்தாக்கு முழுக்கச் சீமைப்பலா பழுத்த மாதிரி.
எங்கள் கதவுக்கு அடித்தது நான்.
இரண்டு பூச்சு.

ஐசில்மா அடிக்கவில்லை.
நான் தைத்த நிறம்,
அதை நான் காட்ட வேண்டுமா என்றாள்.
முதியோர் பணத்துக்குப் போனபோது
கட்சிக் கடிதம் கொண்டுவரச் சொன்னான் ஜன்னல் பையன்.
மூன்று மணி நேரம் நின்றாளாம்.
அந்த அறையில் நான்கு நாற்காலிகள் காலி.
அடியில் எங்கள் எண் இருக்கும்,
சிவப்பில்.

முப்பத்தோராம் வருஷம், ஒரே ஒரு தொகுதியில்,
பதினேழு ஓட்டில் போனது எல்லாம்.
விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன்.
பனியில் நனைந்து கிடந்தன இருநூற்றுப் பன்னிரண்டு.
எண்ணினேன். ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.

எடைமேடைக்குப் பின்னால் இருந்தது.
ஐசில்மா உட்கார்ந்து
துவரை உரித்துக்கொண்டிருந்தாள்.
தோல்விக்கு அழுதாளா, சிரித்தாளா
முகத்தில் தெரியவில்லை.
வண்டியைத் திருப்பினேன்.

மாலையில் ஜெயித்தவர்களின் ஆள் வந்தான்.
வெள்ளிக்கிழமை பதவியேற்பு, முந்நூறு வேண்டும்,
மெத்தையோடு.
பில்லை அரசாங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்றான்
கதவைப் பார்த்தபடி.
அடுப்பங்கரைக்குப் போய்
பிஸ்கட் டின்னைத் தூக்கிவந்து
அவன் மடியில் வைத்தேன்.