அஞ்சு மில்லித் தகடு

அடிக்கு அஞ்சு மில்லி, பக்கத்துக்கு நாலு.
ஆறு போட்டால் எடை கூடும், டீசல் குடிக்கும்.
அடிக்கும் நாலே போட்டால்
முகத்துவார மணல் தேய்த்தே தீர்த்துவிடும் என்றான்
அக்கரைப்பேட்டைப் பட்டறையில் மரிய செபாஸ்டின்.
நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.
ஆசைத்தம்பி தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்க வந்தவர் போல.

செருதூர் முழுக்கச் சிரித்தது.
"சோறு வடிக்கிற சட்டியிலயா
நாப்பது மைல் போகப்போறீங்க?"
ஏலத்தில் எனக்கு எதிர்க்குரல் கொடுக்கிறவள்கூடக் கேட்டாள்:
"மூடி உண்டா?"

சிரிக்கட்டும். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.
புளிக்குழம்பு ராத்தங்கிய சட்டியில்
ஊசிமுனை ஓட்டைகள் விழுந்ததை
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தவள் நான்.
புளிக்கே இப்படியென்றால்
உப்பு என்ன செய்யும் என்று கேட்டேன்.
செபாஸ்டின் சிரிக்கவில்லை.
"இது வேற கலவை அக்கா, கடல் தின்னாது.
ஆனா செம்பு பக்கத்துல இருந்தா தின்னும்.
பித்தளை ஆணி ஒண்ணு போதும்."
அடியில் துத்தநாகக் கட்டி வைத்தால்
அரிப்பு முதலில் அதைத் தின்று பசியாறுமாம்.
நோட்டில் எழுதினேன்:
காவு, வருஷத்துக்கு ஒன்று.

ஃபைபரையும் விட்டுவிடவில்லை.
இரண்டு லட்சம் குறைவு. கையோடு கிடைக்கும்.
அலை அடித்தால் தகடு டங்கு டங்கென்று
மீனுக்கெல்லாம் சேதி சொல்லும்
என்றார் நாத்தனார் புருஷன்.
உச்சி வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது என்றார்.
எல்லாம் சரி.
ஆனால் போன ஆவணியில்
மேட்டூர்த் தண்ணி வந்து சேராமல்
வெள்ளையாறு மணலால் வாயை மூடிக்கொண்டபோது
எங்கள் ஃபைபர் தரைதட்டியது,
அடுத்த அலையில் மறுபடி தட்டியது,
மூன்றாவதில் தேங்காயாய் விரிந்தது.
வலை போனது. எஞ்சின் போனது.
கோவிந்தவேலுக்கு முழங்கால் போனது.

"தகடு நசுங்கும், விரியாது" என்றான் செபாஸ்டின்.
நசுங்கினதைச் சுத்தியலால் எடுத்துவிடலாமாம்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான்
சங்கிலியைக் கழற்றி அடகுக்கடைத் தராசில் வைத்தேன்.
நசுங்கும்.

ஏரா பதிக்கிற நாளில்
மஞ்சள் துணியில் செப்புக்காசு முடிந்து கொண்டுவந்தார்
ஆசைத்தம்பி.
செபாஸ்டின் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான்.
"அண்ணே, அது மட்டும் கூடாது."
"காசு வெக்காத படகு உண்டாடா?"
"வெச்சா ரெண்டே வருஷம்.
அந்த இடத்துல கடல் தெரியும்."
அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை.
கற்பூரம் தீர்ந்துகொண்டிருந்தது.

என் பணப்பையில்
ஏலத்துக்குப் பெட்டி எண்ண வைத்திருக்கிறேன்
பத்து செல்லாக்காசு.
பழைய பத்துப் பைசா,
விளிம்பு அலையலையாய் வளைந்தது,
எடையே தெரியாது.
ஒன்றை எடுத்து நீட்டினேன்.
செபாஸ்டின் ஆணியால் கீறிப் பார்த்தான்.
"அலுமினியம்" என்றான்,
தெருவில் சொந்தக்காரனைப் பார்த்தவன் போல.
"ஆனா உருகிடும் அக்கா."
உருகட்டும் என்றேன்.
ஒரு பொறி. திரும்பிப் பார்ப்பதற்குள்
காசு ஏராவோடு ஏராவாய்ப் போய்விட்டது.
வைத்தோமா இல்லையா என்று
கடலாலும் கண்டுபிடிக்க முடியாது.
ஆசைத்தம்பி மஞ்சள் துணியை மடித்து
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், செப்புக்காசோடு.

வெள்ளிக்கிழமை விடியலில் திரும்பினார்கள்.
முகத்துவாரம் தாண்டும் முன்பே கேட்டது டங்கு டங்கென்று.
நாத்தனார் புருஷன் சொன்னது அதில் சரிதான்.
பக்கவாட்டில் ஒரு சின்ன நசுங்கல். எங்கே பட்டதென்று
யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
சூரை பத்துப் பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு காசை
இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினேன்.
பத்தாவதுக்குக் காசில்லை.
விரலை மடக்கிக்கொண்டேன்.