ஒரு முழக் கொடி

பிரான்சுக்குத் திரும்பிப் போகிற மர்செலின்
இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன் என்றாள்.
துவைக்க ஒன்று, உலர்த்த ஒன்று.
ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்தால்
என் பீரோவை விட ஒல்லி.

குருசுக்குப்பத்தில் முதல் மாடி.
குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவே
முழங்கை இடிக்கும் சந்து.
நுழைத்த பிறகு இரண்டு விரல் மிச்சம்.

அய்யனாரப்பன் வந்து
உருண்டைக்கால் பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு
நம்மூர்ப் பிளக்கை மாட்டினார்.
"கரண்டு ஒண்ணுதாங்க, கால்தான் வேற."

குமிழைச் சுற்றி எல்லாம் பிரெஞ்சு.
கோத்தோன் என்றால் பருத்தி என்பது வரைக்கும் புரிந்தது.
மிச்சத்துக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்.
முப்பது டிகிரிக்குப் பச்சை,
அறுபதுக்குச் சிவப்பு,
தொடவே கூடாததற்குக் கறுப்பு.
கறுப்புக்குப் போன கம்பளிச் சால்வை
கைக்குட்டையாகத் திரும்பி வந்த பிறகு ஒட்டியது அது.

ஐந்து கிலோ கொள்ளாத வயிறு.
துவைக்க இரண்டே முக்கால் மணி நேரம்.
"கல்லுல அடிச்சா கால் மணி," என்றாள்
கீழ்வீட்டுக் குமுதவல்லி.
நான் பதில் சொல்லவில்லை.
பாதியில் ஞாபகம் வந்த ரவிக்கையை
உள்ளே போட முடியாது; கதவு பூட்டிக்கொள்ளும்.
தொடங்கியபின் திறக்காத கதவு
எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் வாங்கியது அதற்காக இல்லை.
மொட்டைமாடிக் கொடிக்காக.

ஆறு வீட்டுக்கு ஒரே கொடி.
எழுத்துத் தெரியாதவர்களும் படிக்கிற பேப்பர் அது.
யார் வீட்டில் விருந்தாளி,
யார் துண்டு நூலாகிப் போனது,
தனியாக இருப்பவள் துணிக்கு நடுவே
நாற்பத்திரண்டு சைஸ் நீலச் சட்டை
எப்படி வந்தது.
"அண்ணன் வந்திருக்காரா?" என்றது ஒரு வாய்.
ஆமாம் என்று சொன்னேன்.
இரண்டு மாதம் நெஞ்சைக் கரித்தது அந்த ஆமாம்.

டிரையர் யாரிடமும் சொல்லாது.
சட்டையைச் சூடாகத் திருப்பித் தரும்.
வலையில் சேர்ந்த பஞ்சை வழித்தால்
எப்போதும் சாம்பல்,
அவன் வந்துபோன வாரம் மட்டும்
நீலம் ஓடிய சாம்பல்.
அதைக் குப்பையில் போடுமுன்
கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருப்பேன்.

மேலே ஓர் இழுப்பறை.
துணியின் ஈரம் ஆவியாகிக் குளிர்ந்து
அதில் வந்து சேரும்.
எங்கள் போர்த் தண்ணீர் பக்கெட்டில்
வெள்ளைக் கோடு போடும்.
இதில் உப்பே இல்லை.
ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
செய்யக்கூடாது என்று தெரிந்தே.

கார்த்திகையில் ஒன்பது நாள் மழை.
தீப்பெட்டியும் நமுத்தது.
எட்டாம் நாள் இரவு, கையில் பக்கெட்டோடு குமுதவல்லி.
மகளுக்குப் பிறந்து பதினோரு நாளான பிள்ளை.
"காஞ்ச துணின்னு ஒண்ணு இல்ல."
கல்லைப் பற்றி இருவருமே பேசவில்லை.

சிவப்புப் பொட்டு.
தரையில் உட்கார்ந்து
கண்ணாடிக்குள் வெள்ளைத் துணிகள்
ஏறி ஏறி விழுவதைப் பார்த்தோம்.
உலர்த்த வேண்டி
மேல்கதவைத் திறந்தபோது
விழுந்தது நீலச் சட்டை.
காலையில் எடுக்க மறந்தது.

அவள்தான் எடுத்தாள். உதறினாள்.
காலரை நீவி, நான்காய் மடித்து
என் மடியில் வைத்தாள்.
"நல்ல துணி."

நள்ளிரவில் இழுப்பறை நிரம்பிக் கூவியது.
ஒன்றரை லிட்டர்.
பிள்ளை நனைத்தது எவ்வளவு, மழை எவ்வளவு,
யார் பிரிப்பது.
இஸ்திரிப் பெட்டிக்கு ஆகும் என்று
பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் வெயில்.
கொடி முழுக்கப் பிள்ளைத்துணி,
நடுவில் மட்டும் ஒரு முழம் காலி,
இரண்டு கிளிப் மாட்டி.

கரண்டு இருந்தது. டிரையர் சும்மாதான் கிடந்தது.
ஈரச் சட்டையோடு படியேறி
உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மாட்டினேன்.
வெயிலில் சாயம் போய்விடக் கூடாதே,
அதற்காகத்தான்.