எண்பது மீட்டர்

மேலேயிருந்துதான் முதலில் பார்த்தேன்.
பங்குனி. காற்று செத்துக் கிடந்தது.
பதினேழாம் நம்பர் காற்றாடியின் மண்டைக்குள்
கிரீஸ் வாளியும் ஸ்பானருமாக நானும் ஆசீரும்.
மூடியைத் தள்ளித் தலையை நீட்டினால்
தூரத்தில் மகேந்திரகிரி,
இந்தப் பக்கம் கடலாகவும் இருக்கலாம் ஒரு வெள்ளைக் கோடு,
கீழே, மேற்குச் சரிவில், உடங்காட்டுக்கு நடுவே
ஒரு வட்டம்.

‘பாழுங்கிணறா இருக்கும்ல’ என்றான் ஆசீர்.
கிணறென்றால் கரை ஒட்டியிருக்கும்.
இது விட்டுவிட்டு இருந்தது,
ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல்
பந்தியில் உட்கார்ந்த மாதிரி.
வட்டங்களோடு புழங்குகிறவன் நான்.
எங்கள் தூணின் அடித்தட்டில் நூற்றிருபது போல்ட்,
ஒன்று அரை மில்லி விலகினாலும் கை சொல்லிவிடும்.
இதைப் போட்டவனிடம்
ஒரு முளையும் ஒரு கயிறும் இருந்திருக்கும்.
அவசரம் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆசீர் கோயிலுக்குப் போய்விட்டான்.
அவன் பைக்கை எடுத்துக்கொண்டு
வள்ளியூரிலிருந்து விடியக் கிளம்பினேன்.
பொத்தையைச் சுற்றி, குளத்துக் கரை ஏறி,
தடம் தீர்ந்த இடத்தில் வண்டியை விட்டு
நடந்தேன்.
தரையில் வட்டம் இல்லை.
முள் இருந்தது. ஓணான் இருந்தது.
ஒரு பெண், பதினொரு வெள்ளாடு.

‘காத்தாடிக்காரவுகளா?’
‘ஆமா. இங்க வட்டமா கல்லு…’
‘வட்டமெல்லாம் தெரியாது. குண்டுக்கல்லு கெடக்கு. வாங்க.’
பேர் பிரம்மாச்சி என்றாள், நான் கேட்காமலே,
முன்னால் நடந்துகொண்டே.

உள்ளே நின்ற பிறகும் எனக்குத் தெரியவில்லை.
சில முட்டி உயரம்.
சில காதுமட்டும் வெளியே விட்டுப் புதைந்திருந்தன.
ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சுற்றி வந்தபோது
வட்டம் என் காலுக்குள் வந்தது.
கல்லுக்குக் கல் இரண்டெட்டு.
தெற்கே ஓரிடத்தில் மட்டும் நாலெட்டு.

‘இங்க ஒண்ணு குறையுதே.’
‘அது எங்க வீட்டுல கெடக்கு. துவைகல்லு.
மாமனாரு வண்டி கட்டிக் கொண்டாந்தாவ.
சோப்பு நல்லா நுரைக்கும் அதுல.’
அவள் குரலில் குற்றம் ஒன்றும் இல்லை.
நானும் தேடவில்லை.

‘உள்ள ஆளப் புதைச்சிருக்காவளாமே?’
‘இருக்கும். அதான் ஆடு இதுக்குள்ள புழுக்க போடாது.’
குனிந்து பார்த்தேன்.
‘சும்மா சொன்னேன். எல்லாம் போடும்’ என்று சிரித்தாள்.

கறுப்பும் சிவப்புமாய் ஒரு ஓட்டு விளிம்பு,
நகத்தளவு.
யாரோ அதில் வாய் வைத்துக் குடித்திருக்கலாம்.
சட்டைப்பை வரை கொண்டுபோய்
திரும்ப அங்கேயே வைத்தேன்.
அந்த நாலெட்டில்தான் முள் இல்லை.
உட்கார்ந்தேன்.
பிரம்மாச்சி தூக்குச்சட்டியைத் திறந்து
நீத்தண்ணி கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள்.

எட்டரை மணி வெயிலில்
நீளமாக ஒரு நிழல் வட்டத்துக்குக் குறுக்கே கிடந்தது,
அசையாமல்.
என் பதினேழாம் நம்பர்தான்.
நேற்று நானே பூட்டிவிட்டு இறங்கிய இறக்கை.
அதற்கு ஆயுள் இருபது வருஷம், பேப்பரில் இருக்கிறது.
அப்புறம் தூணை அறுத்து லாரியில் ஏற்றிவிடுவார்கள்.
அஸ்திவாரம் கிடக்கும்,
துருப்பிடித்த நூற்றிருபது பல்லோடு,
வட்டமாக.
அதில் யாரும் துணி துவைக்க முடியாது.
வண்டி கட்டி யாரும் கொண்டுபோக முடியாது.
இதை அவளிடம் சொல்ல நினைத்தேன்.
ஒரு குட்டி பைக் பக்கம் ஓடியது,
ஆசீரின் சீட் உறையைத் தின்ன.
‘ஏய்’ என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

புதன்கிழமை மறுபடி மேலே.
குதிகாலில் குத்திக்கொண்டே இருந்தது.
பூட்ஸைக் கழற்றி, ஊக்கால் நோண்டி எடுத்தேன்:
அரை விரல் நீள உடமுள்.
மூடியைத் தள்ளிக் கீழே போட்டேன்.
அது விழுவது தெரியவில்லை.
வட்டம் தெரிந்தது, தெற்கே இடைவெளி தெரிந்தது,
இடைவெளியில்
வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது.
ஆடா, உலர்த்திய துணியா என்று
ஆசீரிடம் கேட்டேன்.
அவன் சீட் உறை விஷயத்தில் இன்னும்
என்னோடு பேசவில்லை.