ஒன்பது மணி நேரக் கரை

மீன் கணக்குச் சீட்டின் பின்பக்கம்
நாகசாகிக்குத் தண்டவாளம் போட்டேன்.

கப்பல் எட்டுக்குக் கட்டும், ஐந்துக்கு அவிழ்க்கும்.
நாள் முழுக்க ஒரே டிக்கெட், டிராமில்.
நீலத்தில் ஏறுங்க. பச்சைக்கு மாறுவது
நம்ம வெட்டூர்ணிமடம் மாதிரி ஒரு முக்கு.
மலைமேல் பழைய கோயில்,
எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி.
சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்,
கூட வேண்டாம்.

முந்தின ராத்திரி, விட்டுவிட்டு வந்தது குரல்:
"றெஜிலா, உள்ளே இடமில்லையாம்.
வெளியிலேதான் நங்கூரம்."

அங்கே எட்டு. குளச்சலில் விடியக்காலம் நாலரை.
முதல் பஸ்.
கண்டக்டர் கிழித்துத் தந்த சீட்டில்
விலை இல்லை.
திங்கள்சந்தை, இரணியல்,
சன்னலில் என் முகம் மட்டும்.

வெட்டூர்ணிமடத்தில் எழுந்து நின்றபடி
போனில் தட்டினேன்:
இறங்குங்க,
பச்சைக்கு மாறணும்.