ஐம்பது பாகை

மல்லாவி பால் சேகரிப்பு நிலையத்துக் கணினி
மூன்றாம் முறையாக என் கடைக்கு வந்திருக்கிறது,
மோட்டார் சைக்கிளில், உரப்பையில் சுற்றி.
"அக்கா, திரும்பவும் நிண்டு போச்சு" என்கிறான் கஜவதனன்,
ஏதோ நான்தான் நிறுத்தினேன் என்பதுபோல.

முதல் தடவை திறந்தபோது
வெப்பத்தகட்டின் இடுக்கெல்லாம் செம்புழுதி,
மாட்டு மயிர், ஒரு சிலந்தியின் முழுக் குடும்பம்.
பழைய பசை
ஆவணி மாதத்து வவுனிக்குளக் கரைச்சேறாய்
வெடித்துக் கிடந்தது.
சுரண்டினேன். துடைத்தேன். ஒரு பயறளவு புதுப்பசை.
நான்கு திருகாணியையும் மூலைக்கு மூலை மாற்றி முறுக்கினேன்.

இரண்டாம் தடவை விசிறியை மாற்றினேன்.

இன்றைக்கு எதையும் தொடவில்லை.
முழுச்சுமை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அறை முப்பத்து நான்கு. சில்லு எண்பத்து நான்கு.
ஒரு மணித்தியாலம்.
என் தேநீர் ஆறிற்று, எண்பத்து நான்கு அசையவில்லை.
"இது நல்லாத்தானே ஓடுது?"
"அங்கதான் அக்கா நிக்குது."

அங்கே போனேன்.
பின்னேரப் பால் வரும் நேரம்,
கச்சான் காற்று தகரக் கூரையை உலுப்பியது.
குளிர்த்தாங்கி உறுமத் தொடங்கிற்று.
உள்ளே பால் இறங்க இறங்க
வெளியே சில்லு ஏறியது:
தொண்ணூறு, தொண்ணூற்றைந்து,
தொண்ணூற்றெட்டு,
கறுப்புத் திரை.
இராசமலரின் ஏழரை லீற்றர் பதிவாகாமலே போயிற்று.
அவ எங்களிருவரையும் பார்த்த பார்வையை
அளக்க என்னிடம் கருவி இல்லை.

பாலுக்குள் விடும் வெப்பமானியைக் கழுவி வாங்கிக்
கணினிப் பெட்டியருகே பிடித்தேன்.
நாற்பத்தெட்டு.
பின்னால், ஒரு முழத் தூரத்தில்,
தாங்கி மூச்சு விடுகிறது.
எழுபது மாடுகளின் மடிச்சூடு முழுவதும்
நாளுக்கு இரு வேளை
இந்த மேசைக்குக் கீழேதான் கொட்டுப்படுகிறது.

முப்பத்து நான்கும் ஐம்பதும் எண்பத்து நான்கு.
நாற்பத்தெட்டும் ஐம்பதும் தொண்ணூற்றெட்டு.
அங்கேயும் இங்கேயும் தகடு
தன் ஐம்பதை விட்டு நகரவேயில்லை.
இரண்டு தடவை அதைக் கழற்றிக் குற்றம் தேடியவள் நான்.

மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்
கதவோரம் வைத்தோம்.
வயர் எட்டவில்லை, முடிச்சுப் போட்டு நீட்டினான்.
எண்பத்தாறு.

பற்றுச்சீட்டில் என்ன எழுதுவது?
"மேசை நகர்த்தியது" என்று எழுதி வெட்டினேன்.
முன்னர் வாங்கிய விசிறிக்காசைப் பற்றி
கஜவதனனும் கேட்கவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.

இராசமலர் ஒரு போத்தல் பால் தந்தா,
தாங்கிக்குள் போகாத பால்.
சைக்கிளில் வரும்போது
கடை வரைக்கும் அது
என் இடுப்பில் சுட்டுக்கொண்டே வந்தது.