ஆறு துளி

இன்று இரண்டு ஷிஃப்ட்.
குளச்சலில் பேருந்து என்னை இறக்கிவிட்டபோது ஒன்பதே கால்.
விரலிடுக்கில் இன்னும் கையுறையின் மாவு.
சோப்பில்லாமல் கழுவுகிறேன்.
சோப்பு ஒரு பொட்டு போனாலும்
தொட்டிக்குள் இருப்பவர்களுக்கு ஆகாது.

ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி இழுத்து
கண்ணாடிக் குப்பியில் விட்டு
காரத்தன்மை மருந்தைத் தலைகீழாகப் பிடிக்கிறேன்,
நேராக, சாயாமல்.
ஒன்று. நீலம்.
குலுக்கு.
இரண்டு. நீலம்.
மூன்று விழும்போது கீழே யாரோ
ஸ்கூட்டரைச் சவிட்டுகிறார்கள்.
எண்ணிக்கையை விடவில்லை.
நான்கு, ஐந்து.
ஆறாவதில் நீலம் ஒரு நொடி தயங்கி
எலுமிச்சம்பழமாகிறது.

போன வெள்ளி எட்டு.
அதற்கு முந்தின வெள்ளி ஒன்பது.
நோட்டில் ஆறு என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"கடலு வெள்ளம் ஓசிக்குக் கெடக்கு.
நீ காசு குடுத்து
பக்கெட்டுல உப்பு வாங்கிக் கரைக்குதியா, பிள்ளே?"
கீழ் வீட்டு வறுவேல் அண்ணன் கேட்பது.
முப்பது வருஷம் கடல், இப்போது முட்டுவலி.
கேட்பதும் நியாயம்தான்,
இருநூறு அடியில் அலை.
ஒரு ஆடியில் குடத்தோடு போய் மொண்டு வந்தேன்.
துறைமுகத்து டீசல் மினுக்கமும்
ஏவிஎம் கால்வாய் கொண்டு தள்ளுவதும்
பாஸ்பேட் குப்பிக்குள்
பள்ளிச் சீருடை நீலமாய் நின்றன.
அவரிடம் காட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நெடுநேரம்.
ஒன்றும் சொல்லாமல்
குப்பியைத் திருப்பித் தந்தார்.

பகலில் எனக்கு வேறு வெள்ளம்.
நாகர்கோவில், டயாலிசிஸ் பிரிவு, காலை ஐந்தரை.
முதல் ஆள் கட்டிலுக்கு வருமுன்
தண்ணீரில் குளோரமின் பார்க்க வேண்டும்.
நிறம் வரக் கூடாது.
வந்தால் ஒருவரையும் இணைக்கக் கூடாது.
நான்காம் கட்டில் தாசையன்,
தக்கலைப் பக்கம் ரப்பர் வெட்டியவர்.
அவர் ரத்தத்துக்கு எந்திரம் கலப்பதும்
தொட்டிக்கு நான் கரைப்பதும்
ஆப்ப மாவில் கிள்ளிப் போடுவதும்
ஒரே குடும்பத்துச் சோடா.
சொன்னேன் ஒருநாள்.
"அப்ப எனக்க உள்ளயும் ரெண்டு மீனு விடு" என்றார்.

ஆக, ஆறு.
மருந்து காலாவதியா? டிசம்பர் வரை இருக்கிறது.
துளி பெருத்து விழுந்ததா?
மறுபடி செய்தேன். ஆறு.
உப்பளவுக் குழலுக்குள்
முப்பத்தைந்தில் கோடு அசையாமல் கிடக்கிறது.
கால்சியமும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
எதுவும் சாகவில்லை.
கோமாளி மீன் இரண்டும் என்னைக் கண்டு
தீனி தீனி என்று வாயடிக்கின்றன.
பிறகு யார் எடுப்பது?

ஆஸ்பத்திரிப் புத்தி எனக்கு.
குறைந்தால் கசிவு, கூடினால் அடைப்பு.
சோடாவை நிறுத்து வைத்துவிட்டு
டார்ச்சை வாயில் கவ்வி
பின் கண்ணாடியில் பாசி சுரண்டக் குனிந்தேன்.

அங்கே.
பம்பின் நிழலில் எள்ளளவு ஒன்று,
அதன் அருகே பொத்தான் அளவு,
அப்புறம் பாறையின் முதுகு முழுக்க,
நான் பார்க்காத பக்கமாகவே பார்த்து,
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில்
பாசியா கல்லா என்று சொல்ல முடியாதபடி
படர்ந்திருந்தது.
நகத்தால் நெம்பினேன். வரவில்லை.
சுண்ணாம்பு.
நான் தொலைத்ததாக எழுதிய துளிகள்
சுவரேறி உட்கார்ந்திருக்கின்றன.

சுரண்டியைக் கீழே வைத்தேன்.
கேள்விக்குறியை அடித்தேன்.
இன்று நான்கு கிராம், நாளை இன்னும் நான்கு.
வளர்கிற பிள்ளைக்குச் சோறு போடுவதுபோலத்தான்,
ஒரேயடியாகக் கூடாது.

நாளை சனி.
தாசையனின் பாஸ்பரஸ் அறிக்கை வரும்.
அங்கே இறங்கியிருந்தால் நல்லது.
இறங்காது. கருவாட்டை விடமாட்டார்.

கீழ் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது.
முட்டுவலிக்காரருக்கு உறக்கம் பிந்தித்தான்.
படியேறச் சொல்வது பாவம்,
ஆனாலும் கூப்பிடலாம்.
சோடா கரைந்து முடியட்டும்.